நாற்காலிக்கு நோய்

மலை உச்சிக்குப் போகும் பேருந்தில் நிற்கவும் இடமில்லை. கண்டக்டர் படிக்கட்டில் ஒற்றைக் காலில் தொங்கினார். எல்லாரும் வெந்நீர் ஊற்றுக்குத்தான் போகிறார்கள். ஊற்று பல காலமாக அங்கேதான் சுட்டுக்கொண்டிருக்கிறது. அப்போதெல்லாம் அதை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. வெந்நீர் சாமி வந்து கயிறு கட்டி, மைக் வைத்து, ஒரு நாற்காலியும் போட்டு உட்கார்ந்த பிறகுதான் அதற்குச் சக்தி வந்ததாம். மூட்டுவலி, ஆஸ்துமா, மூலம், கல்யாணத் தடை எல்லாவற்றுக்கும் ஒரே தண்ணீர். மெடிக்கல் காலேஜ் கட்டியவர்கள்தான் பாவம், ஏமாந்து போனார்கள்.

அந்தக் கூட்டத்தில் சலவை அக்கா எரிச்சலோடு உட்கார்ந்திருந்தார். ஒரு பெரிய விடுதியின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் படுக்கை விரிப்பு துவைத்தவர். இன்று அவருக்கு லீவு. லீவு போட்டதே கணவரைக் கண்காணிக்கத்தான்.

கணவர் பூட்டு ரிப்பேர் செய்பவர். ஊரில் எந்தப் பூட்டையும் திறந்துவிடுவார். தன் புத்தியை மட்டும் பூட்டிச் சாவியை வெந்நீர் சாமியிடம் கொடுத்துவிட்டார். அவருக்குச் சர்க்கரை. வலது கால் கட்டைவிரலில் ஒரு புண் இரண்டு மாதமாக ஆறாமல் படுத்தியது. "மாத்திரையை ஒருநாள்கூட நிறுத்தாதீங்க. நிறுத்தினா விரலை எடுக்க வேண்டி வரும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாமியோ, நோய் இறங்கிய கையோடு மாத்திரையைக் குழியில் வீசச் சொல்கிறாராம். பூட்டுக்காரர் மாத்திரை டப்பாவைச் சட்டைப் பையில் தயாராக வைத்திருந்தார்.

"என்னங்க, அந்த டப்பாவை என்கிட்ட குடுங்க."

"சும்மா இரு. என் தங்கச்சியைப் பாரு. முட்டிவலி பறந்துபோச்சு."

பக்கத்தில் இருந்த நாத்தனார் பெருமையோடு தலையாட்டினாள். "ஆமா அண்ணி. நான் தேய்ச்சுக் குடுத்த துணியை சாமி தண்ணியில முக்கினதும் செக்கச்செவேல்னு ஆயிடுச்சு. என் உடம்புல இருந்த கெட்ட ரத்தம் மொத்தமும் அதுல வந்துடுச்சு." பஸ் நின்றதும் அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் "அம்மா" என்று சொல்லி இறங்கினாள். பறந்துபோன வலி பேருந்துக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது போலிருக்கிறது.

மேலே ஏற்பாடு பிரமாதம். பாறை நடுவே ஊற்று புகைந்துகொண்டிருந்தது. சுற்றிலும் கயிறு. யாரும் இறங்கக் கூடாது. ஊற்றுக்கு இந்தப் பக்கம், ஊற்றுத் தண்ணீர் நிரப்பிய ஒரு கல்தொட்டி. அதன் அருகே நாற்காலியில் சாமி. சீடர் ஒவ்வொருவருக்கும் ஒரு மஞ்சள் துணி தருவார். சந்தன வாசம் தூக்கும். அதை நோயுள்ள இடத்தில் தேய்த்துக் கொடுத்தால் சாமி இடுக்கியால் பிடித்துத் தொட்டியில் முக்குவார். மஞ்சள் துணி இரத்தச் சிவப்பாகிவிடும். கூட்டம் "ஆ!" என்று அலறும். காணிக்கை உண்டியலில் விழும், மாத்திரை குழியில் விழும். அடுத்த ஆள்.

ஒரு பருத்த வியாபாரியின் துணி இடுக்கியிலிருந்து நழுவித் தொட்டியில் தொப்பென்று விழுந்ததில் தண்ணீர் தெறித்தது. அக்காவின் புறங்கையிலும் கொஞ்சம் பட்டது. துடைக்கப் போனவர் அப்படியே நின்றார். விரலால் தேய்த்தார். வழவழ. மறுபடி தேய்த்தார். அதே வழவழ. இருபத்திரண்டு வருஷமாக வாளி வாளியாகக் கரைத்த சமாசாரம், அவர் கைக்குத் தெரியாதா? அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அடுத்து கோபம் வந்தது. அதற்குள் பூட்டுக்காரர் டப்பாவைத் திறந்து கையில் பிடித்துவிட்டார்.

அக்கா அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார்.

"சாமி, அவருக்கு முந்தி எனக்குப் பாருங்க."

சீடர் துணி கொடுத்தார். அக்கா குனிந்து, கும்பிடுகிற சாக்கில் சாமியின் நாற்காலிக் காலை அந்தத் துணியால் நன்றாகத் துடைத்து நீட்டினார். சாமி கண்ணை மூடி முணுமுணுத்து முக்கினார். துணி சிவந்தது.

"அடேயப்பா! எவ்வளவு நோய்ம்மா உனக்கு! மூணு தலைமுறை மூட்டுவலி. ஈரலும் கெட்டுப்போயிருக்கு."

"எனக்கில்ல சாமி. நாற்காலிக்கு. நான் அதோட காலைத்தான் துடைச்சேன்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாமி அசரவில்லை. "அதுல உட்கார்ந்தவங்க நோய் அது."

"அதுல நீங்க மட்டும்தானே சாமி உட்கார்றீங்க?"

இப்போது சிரிப்பு நாலா பக்கமும் பரவியது. நாத்தனார் பதறினாள். "அண்ணி! வாயை மூடுங்க, சாமி குத்தம் ஆயிடப்போகுது!"

"ஆகட்டும், நான் பார்த்துக்கறேன்." அக்கா இன்னொரு துணியைச் சீடர் கையிலிருந்து பிடுங்கினார். கணவரின் உள்ளங்காலில் புண்ணில் படாமல் தேய்த்தார். கயிற்றைத் தாண்டிப் போய் நேராக ஊற்றிலேயே முக்கினார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். துணி மஞ்சளாகவே இருந்தது. திருப்பி முக்கினார். அப்போதும் மஞ்சள்தான்.

"நிஜமா நோய் இருக்கிற காலு. நிஜமான ஊற்று. ஒண்ணும் ஆகல. நாற்காலிக்கு மட்டும் எப்படி ஆச்சு?"

"சாமி கைபட்ட தண்ணியிலதான் பலிக்கும்!" என்று சீடர் மைக்கில் கத்தினார்.

"அப்படியா? பொம்பளைங்க யாராவது வந்து அந்தத் தண்ணியைத் தொட்டுப் பாருங்க."

ஓர் ஆசிரியை வந்து கைவிட்டார். பின்னாலேயே ஒரு நர்ஸ். அப்புறம் இன்னும் நாலைந்து பேர். விரல்களைத் தேய்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"அட, சலவை சோடா!" என்றார் நர்ஸ்.

"துணி மஞ்சள்ல நனைச்சது," என்றார் ஆசிரியை. "என் வெள்ளைப் புடவையில மஞ்சள் பட்டு, சோடா போட்டதும் இப்படித்தான் செவந்து மானத்தை வாங்குச்சு!"

நாத்தனார் தொட்டிக்குப் பின்னால் விரித்திருந்த காவித் துணியை இழுத்தாள். உள்ளே மூட்டை. மூட்டைக்குள் சோடா. அவளுக்கு முட்டி இன்னும் வலித்தது. வலித்த வலியில் சாமியை அவள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

சாமி எழுந்தார். மூன்று தலைமுறை மூட்டுவலியை அம்போவென்று விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக்கொண்டு ஜீப்பை நோக்கி ஓடினார். சீடர் உண்டியலைத் தூக்கப் பார்த்தார். அதன்மேல் பருத்த வியாபாரி உட்கார்ந்துவிட்டதால் நடக்கவில்லை.

அப்புறம் குழியைச் சுற்றித்தான் திருவிழா. "அது என் பிரஷர் மாத்திரைங்க!" "யோவ், என் இன்ஹேலரை வை!" "இதய மாத்திரை யாரோடது? சீக்கிரம் வாங்க!" நர்ஸ் நடுவில் நின்று பெயர் வாசித்துப் பட்டுவாடா செய்தார்.

பூட்டுக்காரர் டப்பாவோடு திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு எப்படித் தெரியும்? பார்த்தா நிஜமாத்தானே இருந்துச்சு."

"ஒரே ஒரு நாள் உங்க சட்டையை நீங்களே துவைச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். இந்தாங்க தண்ணி. முதல்ல மாத்திரையைப் போடுங்க."

அவர் விழுங்கினார். அவருடைய விரல் அவருக்கே மிஞ்சியது. அதைப் பார்த்ததும் அக்காவுக்குக் கண் கலங்கியது.

யாரோ கயிற்றை அறுத்துவிட்டார்கள். ஊற்று வழிந்து சூடு தணிந்து தேங்கும் பள்ளத்தில் பெண்கள் இறங்கினார்கள். பூட்டுக்காரரும் பேண்ட்டை மடித்தார்.

"புண்ணோட நீங்க இறங்கக் கூடாது. கரையில உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்குங்க."

அக்கா கழுத்தளவு இறங்கினார். இத்தனை வருஷம் வெந்நீரில் கையை மட்டும் விட்டவர், முதல் தடவையாக முழு உடம்பையும் விட்டார். சுகமாக இருந்தது. நோயெல்லாம் ஒன்றும் தீரவில்லை. சுகமாக மட்டும்தான் இருந்தது.

அவர் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் பணிவாக வந்து, குனிந்து, கும்பிட்டார். "அம்மா, நீங்கதான் நிஜ சக்தி. எனக்கு ஒரு துணி மந்திரிச்சுக் கொடுங்க."

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ஐயா, சாமி ஓடிட்டாருன்னு காலி நாற்காலியில என்னை உட்கார வைக்காதீங்க. மொதல்ல அந்த நாற்காலியைத் தூக்கிக் கீழே போடுங்க. அது இருக்கிற வரைக்கும் எவனாவது வந்து உட்கார்ந்துக்கிட்டேதான் இருப்பான்."