சமூக அறிவியலும் சாளைக் குழம்பும்

சத்தியமாக்கும்! என் பேரிலேயே சத்தியம் உண்டு: சத்தியதாஸ். இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால், நெய்யாறு அணையை உப்புப் போட்டு ஒரே மடக்கில் குடித்துவிடுகிறேன். போன தடவை சொன்ன முதலைக் கதையை மறந்துவிடுங்கள். அது வேறே. இது நிசம்.

என் வீட்டுக்காரி ஞானபாய் பாறசாலைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அஞ்சு முதல் ஏழு வரை எல்லாப் பாடமும் எடுக்கிறவள். இருபது வருஷத்துக்கு மேலாயிற்று. அவள் கணக்குச் சொல்லிக்கொடுத்தால் முற்றத்துப் பூவரசுகூட வாய்ப்பாடு ஒப்பிக்கும். ஒருநாள் சாயங்காலம் முகம் செத்து வந்து நின்றாள்.

“கேட்டியளா? பழைய டீச்சர்மாரும் தகுதித் தேர்வு ஜெயிக்கணுமாம். இல்லேன்னா வேலை போச்சு.”

“இத்தனை வருசம் எடுத்ததுக்குத் தகுதி இல்லியாமா?”

“எடுத்ததுக்கு உண்டாம். இனி எடுக்கத்தான் இல்லியாம்.”

சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் நெஞ்சு கனத்தது. ஆனால் நெஞ்சுக்குக் கீழே வயிறு என்று ஒன்று இருக்கிறதே! இவள் படிக்க உட்கார்ந்தால் சோறு யார் வைப்பது? நான் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். எனக்கும் அடுப்புக்கும் உள்ள தூரம், பாறசாலைக்கும் பம்பாய்க்கும் உள்ள தூரம்.

நாலு இடத்தில் விசாரித்தேன். அந்தத் தேர்வில் ரெண்டு பிரிவு உண்டு. கணக்கும் அறிவியலும் ஒன்று, சமூக அறிவியல் இன்னொன்று. எது வேண்டுமென்று எழுதுகிறவர்தான் சொல்ல வேண்டும். உடனே என் மூளையில் டபுள் பெல் அடித்தது. கணக்குக்கு ரெண்டு கையும் வேண்டும். ஒன்று பேனா பிடிக்க, மற்றது தலை சொறிய. சமூக அறிவியலுக்குக் காது போதும். கை சும்மா இருக்கும். சும்மா இருக்கிற கை அடுப்புக்குப் போகும்.

“பிள்ளே, நீ சமூக அறிவியல் எழுது. நான் உரக்க வாசிக்கேன். நீ வேலையைப் பாத்துக்கிட்டே கேளு.”

“கணக்கு எனக்குத் தண்ணிபட்ட பாடாக்கும்.”

“கணக்குல ஒரு புள்ளி பிசகினா எல்லாம் போச்சு. ராஜாமாரு அப்படியா? செத்தவன் செத்தவன்தான். விடை மாறாது.”

“நீங்க சொன்னா சரிதான்” என்றாள்.

கலியாணமான நாள் முதல் அவள் வாயிலிருந்து அந்த வாசகம் வந்ததில்லை. அப்போதே நான் வீட்டை விட்டு ஓடியிருக்க வேண்டும்.

மறுநாள் முதல் அடுக்களை ஜன்னலோரம் வாசிப்பு. “சத்தமா வாசியுங்க, மிக்சி ஓடுது.” மிக்சி நின்ற பிறகும், “இன்னும் சத்தமா. மெல்ல வாசிச்சா உறக்கம் வருது.” அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை என்று பஸ்ஸில் கூவின தொண்டையாக்கும்! முகலாயர் வீழ்ந்தது அணைப் பக்கத்துக் கள்ளிக்காடு ஊர் வரை கேட்டிருக்கும். மார்த்தாண்டவர்மா மகாராஜா எதிரிகளிடமிருந்து தப்ப நெய்யாற்றின்கரைப் பலாமரப் பொந்தில் ஒளிந்த கதை வந்த அன்று நான் போட்ட சத்தத்தில், அவரே முதுகில் பிசினோடு வெளியே வந்திருப்பார். ஒரே ஒரு விசேஷம். நான் ஒரு பக்கத்தைத் தாண்டி வாசித்தால் மதிலுக்கு அப்பால் யாரோ இருமுவார்கள். பக்கத்து வீட்டில் சளி என்று நினைத்தேன்.

ஒரு வாரம் ஆகவில்லை. “கேட்டா மட்டும் மனசுல நிக்கல்ல. குறிப்பு எடுக்கணும். இந்தத் தேங்காயைக் கொஞ்சம் திருவுங்க” என்றாள். திருவினேன். பிறகு மரச்சீனிக் கிழங்கு நறுக்கினேன். பிறகு சாளை மீன் வந்தது. புத்தகத்தை அரிசிப் பானையில் சாய்த்துவைத்து, பாராளுமன்றத்தின் ரெண்டு அவைகளையும் ஒப்பித்துக்கொண்டே சாளைக்குச் செதிள் எடுத்தேன். அவளோ சாப்பாட்டு மேசையில் எனக்கு முதுகைக் காட்டி எழுதிக்கொண்டே இருந்தாள்.

“என்னத்த பிள்ளே இம்புட்டு எழுதுதே?”

“நிறுத்தாதீங்க, வாசியுங்க. குழம்புல உப்பு பாத்தியளா?”

தேர்வு நாள் வந்தது. நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளிக்கூடம். வாசலில் ஒரு சார் மலையாளத்தில் கூவினார்: “மாத்ஸ், சயன்ஸ் இடத்தோட்டு! சோஷ்யல் வலத்தோட்டு!”

ஞானபாய் இடது பக்கம் நடந்தாள்.

“பிள்ளே! வழி தப்புது! வலது, வலது!”

திரும்பிச் சிரித்தாள். “எனக்கு இதாக்கும் வழி. நீங்க திட்டம் சொல்லுததுக்கு முந்தியே விண்ணப்பத்துல கணக்குன்னு கொடுத்தாச்சு. இம்புட்டு நாளும் மேசையில இருந்து போட்டதும் கணக்குதான்.”

“அப்போ நான் தொண்டை கிழிய வாசிச்சது ஆருக்கு?”

“எனக்கு மாமா” என்றது ஒரு குரல். பக்கத்து வீட்டு மருமகள் ஜின்சி. கைப்பிள்ளைக்காரி. டீச்சர் வேலைக்கு இதுதான் அவளுக்கு முதல் தேர்வு. புத்தகம் பிடிக்க நேரம் கிடையாது. “டீச்சர்தான் மதிலோரம் இருந்து கேளுன்னாங்க. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கிட்டே எல்லாம் கேட்டேன். நீங்க பக்கம் தாண்டினா மட்டும் இருமுவேன். இப்ப உங்க சத்தம் கேட்டாத்தான் பிள்ளையும் உறங்குது.”

சொல்லிவிட்டு வலது பக்கம் ஓடினாள்.

ரெண்டு பேரும் ஜெயித்தார்கள். முடிவு வந்த அன்று ஞானபாய் மேசையில் தலையைச் சாய்த்து அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. வெங்காயம் என்று சொன்னேன். கையில் வெங்காயம் இருந்ததால் நம்பினாள்.

“வேலை பிழைச்சுது பிள்ளே. இனி அடுக்களையை நீ ஏத்துக்கோ.”

“வேலை பிழைச்சுதுன்னா நான் ரிட்டயர் ஆவுத வரைக்கும் பள்ளிக்கூடம் போவணும்லா? அதுவரைக்கும் இந்த அடுக்களைக்கு உங்களை விடத் தகுதி ஆருக்கு உண்டு?”

இதைக் காரோடு ஊரில் சொல்லுங்கள், ஒற்றசேகரமங்கலத்தில் சொல்லுங்கள். சொன்னது யாரென்று மட்டும் ஒருத்தரிடமும் மூச்சு விடாதீர்கள். தேர்வு எழுதப்போகிற பெண்டுகளுக்கு இந்த வழி தெரிந்தால், அவர்களுடைய புருஷன்மார் எல்லாம் என்னைத் தேடி அடிக்க வருவார்கள்.

வந்தால் அவர்களுக்கும் நான்தானே சோறு வைக்க வேண்டும்.