மலை முளைத்த கடற்கரை

இயற்கைக் காட்சி ஓவியர் என்றோர் இனம் உண்டு. இயற்கைக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வெயில் ஆகாது, மணல் ஆகாது, கொசு ஆகவே ஆகாது. பிச்சாவரத்தை எத்தனையோ முறை வரைந்திருப்பார். படகில் ஏறச் சொன்னால் தலை சுற்றும் என்பார். பின்னே எதைப் பார்த்துத்தான் வரைகிறார் என்கிறீர்களா? கட்டிலுக்கடியில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது. அதற்குள், சிதம்பரத்துப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய, என்றோ செத்துப்போன வெள்ளைக்கார ஓவியர்களின் அச்சுப்படங்கள். ஏரி, ஏரிக்குப் பின்னால் மலை, மலையடியில் மரம், மரத்தடியில் மாடு, மாட்டருகே ஒரு தொப்பிக்காரன். மரத்தைப் பனையாக்கி, தொப்பிக்காரனுக்கு முண்டாசு கட்டி, மூலையில் ஒரு கோபுரத்தை நட்டு, தன் கையெழுத்தையும் போட்டுவிட்டால் ஸ்ரீமுஷ்ணம் தயார். கோபுரத்தை அழித்தால் அதுவே அண்ணாகிராமம். "ஸ்பாட்லயே உக்காந்து போட்டது சார்" என்பார், கொஞ்சமும் கூசாமல்.

எங்கள் கடலூர் ராமாமிர்தம் இந்த இனத்தில் முதல் வரிசை. சுனாமிக்கு அடுத்த ஆண்டு, கரையோரக் குப்பத்திலிருந்து அமிர்தம் என்ற பெண் அவரைத் தேடி வந்தார். அவர்கள் தெருவே போய்விட்டது. ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை. முதலாண்டு நினைவு நாளில், புதுக் குடியிருப்பின் கூடத்தில் மாட்ட, அந்தத் தெரு படமாக வேண்டும்.

"வாங்கண்ணே, எடத்த காட்டுறேன். எங்க வூடு எங்க இருந்துச்சு, வாசல்ல பூவரச மரம் எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சு, ஒண்ணு வுடாம சொல்றேன்."

"எதுக்கும்மா அலைச்சல்? கண்ண மூடுனா எனக்கு எல்லாம் தெரியுது."

கண்ணை மூடினார். பெட்டியைத் திறந்தார்.

நினைவு நாளன்று திரை விலகியது. கடலூர்க் கடற்கரையில் மலை! மலையடியில் புகைபோக்கி வைத்த ஒரே ஒரு வீடு. கரையில் நிற்பவை பனைமரங்கள். தண்ணீரில் விழுந்த நிழல்களோ, மாற்ற மறந்துபோன பைன் மரங்கள்.

"அலையே இல்லியேண்ணே?" என்றார் அமிர்தம்.

ஏரியில் ஏது அலை? ஆனால் இந்த இனத்துக்குக் கை தடுமாறினாலும் வாய் தடுமாறாது. "இனிமே அந்த அலையே வேணாம்னுதாம்மா எடுத்துட்டேன்" என்றார். தலைமை தாங்கிய பிரமுகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. வெட்கங்கெட்ட கைதட்டல்.

அமிர்தம் மட்டும் தட்டவில்லை. படத்தின் அருகே போய் மூலை மூலையாகத் தேடினார்.

"எங்க வூட்ட ஒருவாட்டி அலை கொண்டு போச்சு. இப்ப நீங்க கொண்டு போயிட்டீங்க."

பொன்னாடைக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தவர் காதில் அது விழவில்லை.

சீ, இவரெல்லாம் ஒரு மனிதரா என்கிறீர்களா? இருங்கள். போன மாதம் சாவு வீட்டில் உங்களை நாலு வார்த்தை பேசச் சொன்னார்களே, செத்தவரின் முகத்தை ஒரு கணமாவது நினைத்துப் பார்த்தீர்களா? 'தங்கமான மனுஷன், ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர்' என்று எடுத்துவிட்டீர்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் மனைவி மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உங்களைப் பார்த்தார், யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று புரியாமல்.