மிதப்புச் சாமிக்கும் தோசம்

சண்டிலிப்பாய்க்கு மிதப்புச் சாமி வந்த நாள்தொட்டு, மருந்தெடுக்கப் போகும் சனத்தைவிடத் தோசம் பார்க்கப் போகும் சனம் அதிகம். கனடாவிலிருந்து வீடியோ அழைப்பில்கூட வரிசை. வித்தை சுருக்கமானது. ஒரு கிளாஸ் தண்ணீர், அதில் ஒரு மூடி தீர்த்தம். கலந்தால் சுகம். மிதந்தால் தோசம். கழுத்தில் தடித்த சங்கிலி போட்டவர்களுக்கு ஏனோ எப்போதும் மிதந்தது. தோசத்துக்கும் தங்கம் பிடிக்கும் போலும்.

புகையிலைத் தோட்டக்காரர் பஞ்சலிங்கம், தன் மகன் ஜெயரூபனையும் அவனுக்குப் பேசிய பெண் சுபாஜினியையும் கூட்டி வந்தார். கலியாணம் பேசி முடிந்து, நாள் வைப்பது மட்டுமே மிச்சம். சுபாஜினி உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பிக்கிறவள். சாம்பிராணிப் புகைக்குள் சாமி அவளுடைய பெயரைச் சொல்லி ஊற்றினார். தீர்த்தம் மிதந்தது.

"பிள்ளையிலை செய்வினை இருக்கு. சாந்தி செய்யவேணும், சங்கிலியைக் கழட்டி வையுங்கோ. இல்லாட்டிச் சம்பந்தத்தை விடுங்கோ."

பஞ்சலிங்கத்தாரின் முகம் சுருங்கியது. "அப்ப கலியாணம் சரிவராது, பிள்ளை."

ஜெயரூபன் தலையைக் குனிந்து தன் கால்விரல்களை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"பொறுங்கோ மாமா." சுபாஜினி கிளாஸை மூக்கருகே பிடித்து மணந்து பார்த்தாள். "சாமி, உதே போத்தலாலை உங்களுக்கும் ஒருக்கா ஊத்துங்கோ."

"எனக்குப் பாக்கக் கூடாது!"

"ஏன், பயமோ?"

போத்தலை வாங்கி, புதுத் தண்ணீரில் சாமியின் பெயர் சொல்லி அவளே ஊற்றினாள். மிதந்தது.

கூட்டம் அலறியது. "ஐயோ, சாமிக்கும் ஆரோ செய்வினை செய்துபோட்டாங்கள்!" ஒரு அம்மா அழுதே விட்டார்.

சுபாஜினி தலையில் அடித்துக்கொண்டு, சாமியின் பின்னாலிருந்து அதே மாதிரி இன்னொரு போத்தலை எடுத்தாள். அதிலிருந்து தன் பெயருக்கு ஊற்றினாள். கலந்தது. சாமிக்கும் ஊற்றினாள். கலந்தது.

"சாந்தியே செய்யேல்லை. தோசம் எங்கை போயிட்டுது? ரெண்டும் மதுசாரந்தான் மாமா. ஒவ்வொண்டுக்கும் ஒரு தலையும் வாலும் இருக்கு. தலைக்குத் தண்ணியெண்டால் உயிர். காபன் வாலுக்குத் தண்ணி ஆகாது. எதனோலுக்கு ரெண்டு காபனிலை கட்டை வால், தலை இழுத்துக்கொண்டு போய்க் கலந்திடும். ஒக்டனோலுக்கு எட்டுக் காபன். வால் நீள நீள முனைவுத்தன்மை, அதுதான் தண்ணியோடை ஒட்டுற குணம், குறையும், எண்ணெய் மாதிரி மிதக்கும். ஆருடைய பேரைச் சொல்லி ஊத்தினாலும் உதுதான்."

"அப்ப ஒண்டு சாராயமோ?" பின்னாலிருந்து ஒருவர் ஆவலாகக் கேட்டார்.

"குடிச்சுக் கிடிச்சுப் போடாதேங்கோ அண்ணை!"

இதற்குள் சாமி செருப்பையும் விட்டுவிட்டு மோட்டார்ச் சைக்கிளில் பறந்துவிட்டார்.

பஞ்சலிங்கத்தார் செருமினார். "அப்ப... கலியாணத்துக்கு ஒரு நல்ல நாள் பாப்பம், பிள்ளை."

"நாளைப் பிறகு பாப்பம் மாமா. முதல்லை உங்கடை மகன் தலையை நிமித்தட்டும்."

சங்கானைச் சந்தையில் கத்தரிக்காயை அமத்திப் பார்த்து, காம்பைக் கிள்ளிப் பார்த்து, நாலு பேரிடம் விலை கேட்டு வாங்குகிற சனம் நாங்கள். சாபத்தை மட்டும் மூடி திறவாமல் வாங்குகிறோம். அதையும் ஒருக்கால் மணந்து பார்த்தால் என்ன?