விருந்தாளிக்கு ஜாமீன் இல்லை

மனித உரிமையைக் காப்பாத்தியே தீர்றதுன்னு மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க. பெரிய கருத்தரங்கு வெச்சு யோசிச்சதுல, 'கைதி'ங்கற வார்த்தைதான் மனுஷனோட மரியாதையைக் கெடுக்குதுன்னு தெரிய வந்துச்சு. உடனே அந்த வார்த்தையைத் தூக்கிட்டாங்க. போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டு வரப்படுறவர் இனிமே 'விருந்தினர்'. லாக்கப் 'விருந்தினர் அறை'. கம்பிக்கு இளம்பச்சைப் பெயின்ட் அடிச்சாங்க. கம்பியை எடுக்கத்தான் நிதி ஒதுக்கலை.

ஏட்டுக்குச் சிரிக்கறதுக்குப் பயிற்சி குடுத்தாங்க. அந்தச் சிரிப்பைப் பார்த்தே ரெண்டு பேர் செய்யாத திருட்டை ஒத்துக்கிட்டாங்க.

எங்க தெருவுல முதல் விருந்தாளி ஆனவர் சலூன்காரர். அவர் கடை முன்னாடி நின்ன ஒரு மோட்டார் சைக்கிள் காணாமப் போச்சு. அந்த நேரம் பார்த்து அவர் வாசல்ல நின்னு முடியைக் கூட்டித் தள்ளிட்டிருந்தார். இதைவிடப் பெரிய சாட்சி என்ன வேணும்?

அவர் சம்சாரம் ஸ்டேஷனுக்குப் போனாங்க. இன்ஸ்பெக்டர் எந்திரிச்சு நின்னு நாற்காலி போடச் சொன்னார்.

"அவரை எப்ப சார் விடுவீங்க?"

"பிடிச்சாத்தானேம்மா விடறதுக்கு? அவர் நம்ம விருந்தாளி."

"வலது கை வீங்கிக் கிடக்கு சார். கத்தரிக்கோல் பிடிக்கற கை."

"ஏட்டு கொஞ்சம் உபசரிச்சிருக்கார்"னு சொன்னார் இன்ஸ்பெக்டர், கூச்சமா.

அந்தம்மா வக்கீலைப் பிடிச்சு ஜாமீன் கேட்டாங்க. ஜட்ஜ், ஆளைக் கைது பண்ணியிருக்கீங்களான்னு விசாரிச்சார். சீர்திருத்தம் வந்ததுல இருந்து ஒருத்தரைக்கூடக் கைது பண்ணலைன்னு ஸ்டேஷன் தரப்புல பெருமையா சொன்னாங்க. கைதாகாதவருக்கு ஜாமீன் குடுக்கச் சட்டத்துல வழியே இல்லைன்னு மனுவைத் தள்ளிட்டு, ஸ்டேஷனை ரெண்டு வார்த்தை பாராட்டிட்டு, ஜட்ஜ் சாப்பிடப் போயிட்டார்.

அந்தம்மா திரும்பவும் ஸ்டேஷனுக்கு வந்தாங்க.

"சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவரைக் கைது பண்ணிடுங்க."

இன்ஸ்பெக்டருக்கு மனசு புண்பட்டுப் போச்சு. "படிச்ச பொம்பளை மாதிரி இருக்கீங்க, என்னை மனித உரிமை மீறலுக்குத் தூண்டறீங்களே! கைது பண்ணினா காரணம் சொல்லணும். வக்கீலைப் பார்க்க விடணும். மறுநாளே கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். இவ்வளவு அலைச்சல் அவருக்கு எதுக்கும்மா?"

இதுக்கு நடுவுல மோட்டார் சைக்கிள் கிடைச்சிடுச்சு. வண்டிக்காரரோட மச்சான் சொல்லாம எடுத்துட்டுச் சினிமாவுக்குப் போயிருக்கான். ஆள் வெளியே வந்துடுவார்னு நம்பி அந்தம்மா ஓடினாங்க. இன்ஸ்பெக்டரும் சந்தோஷப்பட்டார். சந்தேகம் தீர்ந்து போச்சாம். சலூன்காரர் இப்ப சுத்தமான விருந்தாளியாம். எந்தக் காரணமும் இல்லாமலே எத்தனை நாள் வேணும்னாலும் தங்கலாமாம்.

இதைக் கேட்டதும் எங்க தெருவுக்கே ரோஷம் வந்துடுச்சு. டீக்கடைக்காரர், டைலர், ரிட்டயர்டு வாத்தியார், அந்த வண்டிக்காரர், நான், இன்னும் நிறையப் பேர் அந்தம்மாவை முன்னால விட்டு ஸ்டேஷனுக்கு நடந்தோம். வாத்தியார் வழியெல்லாம் அடிப்படை உரிமை பத்திப் பேசிட்டே வந்தார். நியாயம் கேக்காம திரும்பறதில்லைன்னு பேச்சு.

வாசலுக்கே இன்ஸ்பெக்டர் வந்துட்டார். ஒவ்வொரு மூஞ்சியையும் அன்பா பார்த்தார். பின்னாடி ஏட்டு சிரிச்சுக்கிட்டு நின்னார்.

"இத்தனை பேரா? ஏன் வெளியே நிக்கறீங்க, உள்ள வாங்க. இடம் இருக்கு."

டீக்கடைக்காரருக்கு அடுப்புல பால் வெச்சது ஞாபகம் வந்துச்சு. டைலருக்கு ஒரு ஜாக்கெட் அவசரம். வாத்தியாருக்கு மாத்திரை போடற நேரம். எனக்கும் ஏதோ ஒரு வேலை இருந்துச்சு, என்னன்னு இன்னும் யோசிச்சுட்டிருக்கேன்.

அந்தம்மா எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. ஒத்தையா உள்ள போனாங்க.

மறுநாள் மேலிடத்துக்குப் போன அறிக்கையில எங்களைப் பத்தியும் எழுதியிருந்தாங்களாம்: "பொதுமக்கள் திரளாக வருகை தந்தனர். குறை எதுவும் கூறவில்லை. திருப்தியுடன் திரும்பிச் சென்றனர்."

'திருப்தியுடன்'ங்கறதைத் தவிர அதுல ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.