ஓடத்தில் ஒளிந்தவரின் ஆட்சேபணை

மச்சானை இன்றோடு கப்பலை விட்டுக் கிளப்பிவிடுவது என்று அவர் தீர்மானித்துவிட்டார்.

மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. அந்த விண்கப்பலின் மறைப்புப் பிரிவுக்கே தலைவர். எதிரியின் கண்ணில் மண்ணைத் தூவி, முந்நூறு பேர் குடியிருக்கும் கப்பலையே மறைத்துவிடுவார். மச்சானைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. மூன்று நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்த மனைவியின் அண்ணன், மூன்று மாதமாக அசையவில்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கப்பலில் ஒரு வீட்டுக்கு நாளைக்கு இருபது நிமிஷம்தான் குளிக்கத் தண்ணீர். அதில் பதினெட்டு நிமிஷம் மச்சான் பாடிக்கொண்டே குளிப்பார். பாக்கி இரண்டு நிமிஷத்தில் இவர் சோப்புப் போடுவதா, போட்ட சோப்பைக் கழுவுவதா? உடம்பெல்லாம் அரிப்பு.

மனைவி அதே கப்பலில் உணரிப் பிரிவின் தலைவி. ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிப்பது அவள் உத்தியோகம். வருஷத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடக்கும். இவர் ஒரு குட்டி ஓடத்தில் போய் விண்வெளியில் ஒளிய வேண்டும். அவள் தேட வேண்டும். அந்த நாள் காலையில் இவர் மெல்ல ஆரம்பித்தார்.

"பன்னிரண்டு மணிக்குள்ள நீ என்னைக் கண்டுபிடிக்கலேன்னா, உங்க அண்ணன் நாளைக்கே ஊருக்குக் கிளம்பணும்."

"கண்டுபிடிச்சுட்டா?"

"அவர் இஷ்டப்பட்ட வரைக்கும் இருக்கட்டும். நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

"நீங்களா? கேக்க மாட்டீங்களா?"

"பந்தயம்னா பந்தயம்தான்."

"சரிங்க. துண்டு எடுத்துட்டுப் போங்க. வேர்க்கும்."

வேர்த்தது. ஓடத்தின் சூடு வெளியே கசிந்தால் உணரிகள் மோப்பம் பிடித்துவிடும். அதனால் அத்தனை சூட்டையும் உள்ளேயே அடைத்துவைத்தார். பதினொன்றரை மணிக்குப் பனியனோடு வெந்துகொண்டிருந்தார். ஆனாலும் மனசு குளுகுளு என்றிருந்தது. ஒரு உணரி அலைகூட அவர் பக்கம் வரவில்லை. அவளுக்கே தண்ணி காட்டிவிட்டோம்!

அப்போது ரேடியோ கரகரத்தது. கேட்கலாம், பேசக் கூடாது. ஒரு வார்த்தை பேசினாலும் ரேடியோ இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

"என்னங்க, கேக்குதா? பதிலெல்லாம் வேண்டாம். பக்கத்துல குடியிருப்பு அதிகாரி இருக்கார், உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம்."

அதிகாரி தொண்டையைக் கனைத்தார். "உங்க மச்சானை உங்க வீட்டு நிரந்தர ஆளாச் சேர்க்கச் சொல்லி உங்க மனைவி மனு கொடுத்திருக்காங்க. ஆட்சேபணை இருந்தா பத்து நிமிஷத்துக்குள்ள சொல்லணும். சொல்லலேன்னா சம்மதம்னு பதிஞ்சுடுவோம். கப்பல் விதி சார்."

பேசினால் பந்தயம் போச்சு, மச்சான் இருப்பார். பேசாவிட்டால் விதிப்படி மச்சான் இருப்பார். இப்படிப் புரட்டிப் பார்த்தார், அப்படிப் புரட்டிப் பார்த்தார். எந்தப் பக்கம் புரட்டினாலும் மச்சான்தான் இருந்தார். பாவி, எப்படி யோசித்திருக்கிறாள்!

எட்டு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒன்பதாவது நிமிஷத்தில் மனைவி பேச்சுவாக்கில் சொன்னாள்:

"அண்ணனுக்குத் தண்ணி பத்தலையாம் சார். எங்க வீட்டுக்காரர் பங்கு ரெண்டு நிமிஷத்தையும் அண்ணன் பேருக்கே மாத்தி எழுதிடலாமா?"

"ஆட்சேபணை!" ஓடமே அதிரக் கத்தினார். "ஆட்சேபணை, ஆட்சேபணை, ஆட்சேபணை!"

"ஏத்துக்கிட்டோம் சார். மனு தள்ளுபடி," என்றார் அதிகாரி.

ஒரு நொடி அவர் முகம் மலர்ந்தது.

"மனு போனாப் போகுதுங்க," என்றாள் மனைவி. "பந்தயத்துல ஜெயிச்சுட்டேன். மூணாவது நிலாவுக்குப் பக்கத்துலதானே இருக்கீங்க? அண்ணன் இங்கயே இருக்கட்டும்."

தோற்றாலும் தொழில்காரர் அல்லவா? வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அது போகட்டும். என் மறைப்பு எப்படி? உன் உணரியெல்லாம் திணறிப்போச்சா, இல்லையா?"

"உணரியா? இன்னிக்கு அதை ஆன் பண்ணவே இல்லைங்க."