மாடிக்குக் கிடைக்காத சாக்கு

கனவு காண்பவர்கள் கான்கிரீட் பக்கம் போகக் கூடாது. இது எனக்குப் புரிவதற்குள் நான் சிவில் இன்ஜினியர் ஆகியிருந்தேன்.

சேலத்திலிருந்து மைசூருக்கு மருமகளாக வந்த புதிது. மொட்டை மாடிக்குப் புதுத் தளம் போட வேண்டும். மாமா டைல்ஸ் என்றார். நான் சிலிக்காத் தூள் கலந்த கான்கிரீட் என்றேன். "ஒரு விரிசல் வராது மாமா!" ஓய்வுபெற்ற நர்ஸான அத்தை மட்டும் என் பக்கம் நின்றார். "படிச்ச பொண்ணு சொல்றா, கேளுங்க." அந்த வீட்டில் என்னை முதலில் நம்பியவர் அவர்தான். அவர் பேரைக் காப்பாற்ற வேண்டுமே என்று எனக்கு ஒரே தவிப்பு.

அந்தத் தூள் கான்கிரீட்டை இறுக்கமாக்கும். ஆனால் தண்ணீரை உள்ளேயே பிடித்துவைத்துக்கொள்ளும். மேலே ஈரம் கசியாது. காற்றடித்தால் மேற்பரப்பு காய்ந்து வெடித்துவிடும். தேய்த்து முடித்த கையோடு ஈரச் சாக்கு போர்த்த வேண்டும். (எல்லாம் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் கூட வாங்கியிருக்கிறேன்.)

அன்று காலை சாமுண்டி மலை பாதி மேகத்துக்குள் இருந்தது. நான் காபியோடு கீழே வாசலில் நின்று, அண்ணாந்து குரல் கொடுத்தேன். "மாதேவண்ணா, சாக்கு!"

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "சாக்கா மேடம்?"

"ஆமா, சாக்கு! சாக்கு!"

"ஆய்த்து மேடம்." ஆகட்டும் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

எவ்வளவு பணிவான மனிதர்! மலை மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. நானும் அத்தையும் புதுத் தளத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கிறோம், மாமா வந்து, "நீ சொன்னதுதாம்மா சரி" என்கிறார், நட்சத்திரங்கள் தலையாட்டுகின்றன. காற்று இதமாக வீசியது. (எனக்கு இதம்.)

கனவு கலைந்து மாடிக்குப் போனால், சாக்குகள் மூலையில் மடித்தபடியே கிடந்தன. தளம் முழுக்க விரிசல். மேஸ்திரி ஆட்களோடு டீக்கடையில் இருந்தார். கன்னடத்தில் 'சாக்கு' என்றால் போதும் என்று அர்த்தமாம். தேய்த்தது போதும், போதும் என்று நானே கத்தியிருக்கிறேன்.

அழுதுகொண்டே விளக்கினேன். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாடிக்குக் கிடைக்காத சாக்கு மருமகளுக்குக் கிடைச்சிருச்சு" என்றார்.

அத்தை குனிந்து ஒரு விரிசலைத் தடவிப் பார்த்தார். "தையல் போடற அளவுக்கு இல்ல. அழாதே, பிடு" என்றார், விட்டுத்தள்ளு என்பதைக் கன்னடத்தில். அந்த நிமிஷம் அவரை எனக்கு என் அம்மாவைப் போலவே பிடித்துப்போனது. விரிசலை அடைத்து மேலே டைல்ஸ் ஒட்டினோம். நிறம் மாமாவின் தேர்வு.

இன்றும் எங்கள் வீட்டில் சாப்பிடும்போது யாரும் 'போதும்' என்பதில்லை. நான் தட்டின் மேல் கையை மறித்து, "சாக்கு அத்தை" என்பேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு, ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து என் தலையில் போர்த்துவார்.

"இனிமே விரிசல் விடாது."