காரம் எட்டு, லேசு நாலு

"எக்ஸ் போட்டுப் பண்ற கணக்கு இது. உங்களால ஆகாதுக்கா."

சூப்பர்வைசர் வாயை மூடுவதற்குள் வாளியக்கா அவர் கையிலிருந்த தாளைப் பிடுங்கிவிட்டாள். பதினாறு வருஷமாக அந்த அலுவலகத் தரைக்கு மருந்து கலக்குகிறவளிடம் சொல்கிற பேச்சா இது?

லேசான இருபது சதவீத மருந்தையும் காரமான ஐம்பது சதவீத மருந்தையும் கலந்து, முப்பது சதவீதத்தில் பன்னிரண்டு லிட்டர் வேண்டும். எது எவ்வளவு?

அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்துக்கொண்டு ஸ்டோர் ரூம் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு கேன் எக்ஸ். மற்றது பன்னிரண்டில் எக்ஸ் போக மிச்சம். அடித்தாள், திருத்தினாள், பென்சிலைக் கடித்தாள். எக்ஸ் எட்டு என்று வந்தது.

"காரம் எட்டு, லேசு நாலு!"

"நிச்சயமா?"

"எழுதிக்குங்க!"

எழுதிக்கொண்டார். "தப்பா இருந்தா மேனேஜர்கிட்ட காட்ட சாட்சி வேணும்ல?" என்று தாளையும் வாங்கிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடியே விறுவிறுவென்று போய்விட்டார்.

அக்கா அளந்து ஊற்றினாள். மருந்தின் நெடியில் கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. அட்டையை எடுத்துப் பார்த்தால், எக்ஸ் என்று வைத்தது லேசான கேனை! மாற்றி ஊற்றியதில் நாற்பது சதவீதம் ஆகியிருந்தது.

"கொட்டிட்டு வேற கலக்கும்மா," என்றார் ஸ்டோர்காரர்.

"எதுக்குக் கொட்டணும்? தண்ணி விட்டா தானா இறங்குது. எவ்வளவுன்னு இதோ சொல்றேன்."

மறுபடி அட்டை, மறுபடி எக்ஸ். நாலு லிட்டர் தண்ணீர். விடை கச்சிதம். ஆனால் மொத்தம் பதினாறு லிட்டர். வாளி கொள்வது பதினைந்து. வழிந்ததைத் துடைக்கத் துடைக்க நுரை பொங்கி, நேராக மேனேஜர் அறைக் கதவுக்கு அடியில் நுழைந்தது.

"என்ன கூத்து இது?" மேனேஜர் வழுக்கிக்கொண்டே வெளியே வந்தார்.

அக்கா இடுப்பில் கை வைத்தாள். "நுரையை நான் துடைச்சுக்கறேன் சார். நீங்க விடையைப் பாருங்க. முப்பதுக்கு ஒரு புள்ளி கூடக் குறைய இருந்தா நாளையிலேர்ந்து நான் வரலை."

ஸ்டோர்காரர் மருந்தின் சதவீதம் காட்டும் சோதனைத் தாளை வாளியில் நனைத்தார். முப்பது. மேனேஜர் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

"வரட்டும் அந்த மனுஷன்! மொதல்ல சொன்னது தப்புன்னும் நானே சொல்லுவேன், எனக்கென்ன பயம்? ஆனா யாரைப் பாத்து ஆகாதுன்னாரு?"

ஸ்டோர்காரர் தொண்டையைச் செருமினார்.

"இனிமே சொல்லி என்னம்மா பிரயோஜனம்? சூப்பர்வைசர் கொண்டுவந்த தாளு அவரோட பதவி உயர்வுக்கு வந்த கேள்வித்தாள். நீ மொதல்ல சொன்ன விடையை எழுதிக் குடுத்துட்டாரு."